அமைதிப்படை கிளம்பிய விதம்

எங்கள் குடும்பத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக அணையாமல் கிடக்கும் சண்டை ஒன்று உண்டு. 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து திரும்பிய இந்திய அமைதிப்படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்குப் போகவில்லை. அது சரியா, தப்பா? அப்பா பழைய கழகக்காரர். ‘தமிழனைக் கொன்ன பட்டாளத்துக்கு மாலை போடச் சொல்றியா?’ என்பது அவர் கட்சி. சித்தப்பா அதே பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இருந்துவிட்டு வந்தவர். ‘ஏன் அண்ணே, நாங்களா கேட்டுப் போனோம்? போடான்னாங்க, போனோம். வாடான்னாங்க, வந்தோம். வந்து இறங்கினா சொந்த ஊர்க்காரனே ஒரு மாதிரி பார்க்கிறான்’ என்பார். பண்டிகைக்கு எல்லோரும் கூடும்போது யாராவது ஈழம் என்று வாயைத் திறந்தால் போதும், சித்தி அடுப்படியிலிருந்தே ‘ஆரம்பிச்சிட்டாங்க’ என்று குரல் கொடுப்பாள்.

இந்த இரண்டு கட்சியிலும் என்னால் முழுசாகச் சேர முடிந்ததில்லை. 1987 தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் சுட்ட படைக்கு, 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்ற படைக்கு, ஒரு தமிழ் முதலமைச்சர் பூங்கொத்து கொடுத்திருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. அதே நேரம், அந்தத் தீவில் செத்துப்போன ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்களில் ஒருவர்கூட, அந்தப் படையை அங்கே அனுப்பிவைத்த 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை எழுதியவர் இல்லை என்பதும் உண்மை. சரி, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். பல வருடம் அப்படித்தான் போனேன். ஆனால் கொஞ்ச காலமாக எனக்கு வேறொரு சந்தேகம். இந்தத் துறைமுகச் சண்டையைத் தமிழ்நாட்டில் எல்லோரும் இவ்வளவு ஆசையாகப் போடுவதற்குக் காரணமே, அதைப் போடுவது சுலபம் என்பதுதானோ? வரவேற்பு என்பது அரை மணி நேரக் காரியம். போனாலும் போகாவிட்டாலும் அன்றைக்கு மட்டக்களப்பில் யாருடைய தலைவிதியும் மாறியிருக்காது. மாறக்கூடிய விஷயங்கள் அதற்கு முந்தைய பத்து மாதங்களில் நடந்தன. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் சண்டை போட்டதே இல்லை.

யாருக்கு எந்தத் தேதி

1989 ஜூன் 1ஆம் தேதி, பத்தரமுல்லையில் ஒரு விகாரை விழா மேடையில் இலங்கை ஜனாதிபதி பிரேமதாச ஒரு தேதியை அறிவித்தார். இந்தியப் படை ஜூலை 29க்குள் கிளம்பிவிட வேண்டும். ஏன் ஜூலை 29? அது ராஜீவ் காந்தியும் அன்றைய இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளின் இரண்டாம் ஆண்டு நிறைவு. பல்லாயிரக்கணக்கான ஆட்களையும் டாங்குகளையும் பீரங்கிகளையும் இரண்டு மாதத்துக்குள் கப்பலேற்ற முடியுமா என்று எந்த ராணுவ அதிகாரியையும் கேட்டு வைத்த தேதியல்ல அது. மேடைக்கு வைத்த தேதி.

பிரேமதாசவின் கணக்கு புரியாதது அல்ல. ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவர் பிரதமர். அப்போதே அதை எதிர்த்து, விழாவுக்கும் வராமல் இருந்தவர். ஜனாதிபதி ஆனபோது தெற்கில் சிங்கள இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.யின் கிளர்ச்சி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. நாட்டை இந்தியனுக்கு விற்றுவிட்டார்கள் என்பதுதான் ஜே.வி.பி.யின் பெரிய கோஷம். இந்தியப் படை போய்விட்டால் அந்தக் கோஷத்தின் பல்லைப் பிடுங்கிவிடலாம். புலிகளுக்கும் அதே அவசரம். தங்களை வன்னிக் காட்டுக்குள் தள்ளியிருந்த படை போனால்தான் அவர்களுக்கு மூச்சு. 1989 மே மாதம் புலிகள் சார்பில் அன்டன் பாலசிங்கமும் யோகியும் கொழும்புக்கு வந்து பிரேமதாசவோடு பேச உட்கார்ந்தார்கள். ஜூன் கடைசியில் இரு தரப்பும் சண்டை நிறுத்தம் என்று அறிவித்தார்கள். இரண்டு வருடம் முன்புவரை ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தவர்கள், மூன்றாமவரைக் கிளப்புவதற்காகக் கைகோர்த்தார்கள். அமைதிப்படையை எதிர்த்துச் சண்டை போடப் புலிகளுக்கு இலங்கை அரசே ஆயுதம் கொடுத்தது பின்னால் கொழும்பு அரசியலில் பெரிய விவகாரமாகி நாறியது.

டெல்லியின் கணக்கு வேறு. ராஜீவ் காந்திக்கு அது தேர்தல் வருடம். போஃபர்ஸ் பீரங்கி ஊழல் புகார் ஒரு பக்கம் துரத்திக்கொண்டிருக்கும்போது, ஒரு குட்டி அண்டை நாடு ‘வெளியே போ’ என்று சொல்லி இந்தியா மூட்டை கட்டிய காட்சியை அவரால் தாங்க முடியாது. அந்தக் கோடையில் இருவருக்கும் இடையே போன கடிதங்களில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: ஒப்பந்தம் இரண்டு நாடுகளுக்கு இடையிலானது, தமிழர் பாதுகாப்பும் வடகிழக்கு மாகாண சபைக்கான அதிகாரப் பகிர்வும் நடக்கிற வேகத்தில்தான் படை வாபஸும் நடக்கும், ஒருதலையாகத் தேதி வைக்க முடியாது. படிக்கும்போது கொள்கைப் பிடிப்பு போலத்தான் இருக்கும். ஆனால் ஜூலை 29 நெருங்கியபோது நடந்தது என்ன? திருகோணமலையிலிருந்து சில நூறு வீரர்களை மட்டும் கப்பலேற்றி அனுப்பினார்கள். பிரேமதாச ‘கிளம்ப ஆரம்பித்துவிட்டார்கள்’ என்று சொல்லிக்கொள்ளலாம், ராஜீவ் ‘முழுசாகக் கிளம்பவில்லை’ என்று சொல்லிக்கொள்ளலாம். அப்புறம் செப்டம்பர் 18ஆம் தேதி ஓர் உடன்பாடு. 20ஆம் தேதியோடு தாக்குதல் நடவடிக்கைகள் நிறுத்தம், டிசம்பர் 31க்குள் வாபஸை முடிக்க முழு முயற்சி, ஒரு சமாதானக் குழு, ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்புக் குழு. நவம்பரில் இந்தியாவில் தேர்தல். ராஜீவ் தோற்றார், டிசம்பர் 2ஆம் தேதி வி.பி.சிங் பிரதமரானார். அவர் அரசுக்கு இந்தப் போரை ராஜீவின் போராக முத்திரை குத்தி முடித்துவைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. 1990 மார்ச் 24ஆம் தேதி கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுக் கிளம்பியது.

இங்கே அப்பாவின் கட்சிக்காரர்களுக்கு ஒரு கசப்பான தகவலையும் சொல்லி வைக்கிறேன். ஈழ உணர்வுதான் அமைதிப்படையைத் திரும்ப வரவைத்தது, தமிழ்நாடு கொதித்தது, டெல்லி பணிந்தது என்று ஒரு கதை நம்மிடம் உண்டு. கொதித்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. அப்போது தி.மு.க.வில் இருந்த கோபால்சாமி (வைகோ) 1989 பிப்ரவரியில் யாருக்கும் சொல்லாமல் படகேறி வன்னிக்கே போய்வந்தார். ஆனால் அந்த நவம்பர் தேர்தலில், அமைதிப்படை இன்னும் யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டிருக்கும்போது, அதை அனுப்பிய ராஜீவின் காங்கிரஸும் அதன் கூட்டாளி அ.தி.மு.க.வும் தமிழ்நாட்டில் 39 இடங்களில் 38ஐ அள்ளின. தி.மு.க.வுக்குப் பூஜ்யம். வடக்கே தோற்ற ராஜீவுக்கு நாம்தான் கைகொடுத்தோம். வாக்குச்சாவடிக்குள் போன தமிழன் ஈழத்தை நினைத்துக் குத்தவில்லை. படை வாபஸில் தமிழ்நாட்டின் கையெழுத்து நாம் பெருமைப்பட்டுக்கொள்கிற அளவுக்குப் பெரியதல்ல.

போவதற்கு ஒரு முகம்

இதுவரை சொன்னதெல்லாம் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். என்னை உறுத்துவது இதற்கு நடுவில் செய்யப்பட்ட ஓர் ஏற்பாடு.

1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. வடக்கில் போட்டியே இல்லை. புலிகளுக்கு எதிராக இந்தியாவோடு நின்ற தமிழ் இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பின் வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார், திருகோணமலை தலைநகரானது. பெயருக்கு அரசாங்கம். காசும் அதிகாரமும் கொழும்பிடம், துப்பாக்கி இந்தியாவிடம். அந்தத் துப்பாக்கி ஒருநாள் கப்பலேறிவிட்டால் புலிகள் தங்களை என்ன செய்வார்கள் என்று ஈ.பி.ஆர்.எல்.எஃப்.புக்கு நன்றாகத் தெரியும். டெல்லிக்கும் ஒரு சங்கடம். சும்மா கிளம்பினால் தோற்றுப்போய்க் கிளம்பியதாக ஆகிவிடும். பின்னால் ஏதோ ஒன்றை நிறுத்திவிட்டுப் போனால், வேலையை முடித்துவிட்டு ஒப்படைத்துப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த இரண்டு தேவையும் சேர்ந்து பெற்ற பிள்ளைதான் தமிழ்த் தேசிய இராணுவம். காகிதத்தில் தொண்டர் படை என்றும் சொன்னார்கள்.

படைக்கு ஆள் வேண்டுமே. விரும்பி வருகிறவர்கள் போதவில்லை. 1989இன் நடுவிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் தெருவில் போகிற பையன்களைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடம் போகிறவன், வயலுக்குப் போகிறவன், பஸ்ஸில் இருந்து இறங்குகிறவன். அம்மாக்கள் முகாம் வாசலில் நின்று அழுதார்கள். சில வாரப் பயிற்சி, கையில் துப்பாக்கி, தோளில் பட்டை, முடிந்தது. இப்படிச் சில ஆயிரம் பேர். எந்தப் புலிகளை இந்தியாவின் முழு ராணுவத்தால் இரண்டு வருடத்தில் ஒடுக்க முடியவில்லையோ, அந்தப் புலிகளை இந்தப் பையன்கள் எதிர்த்து நிற்பார்கள் என்று டெல்லியில் யாராவது உண்மையிலேயே நம்பியிருப்பார்களா? நம்பியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் நின்று ஜெயிக்க வேண்டியதில்லை. படை கிளம்புகிற நாளில் ‘இதோ, உள்ளூர்ப் பாதுகாப்பு இருக்கிறது’ என்று காட்டுவதற்கு அங்கே இருந்தால் போதும்.

ஒரு படையை வாபஸ் வாங்குவது தவறே இல்லை. அமைதிப்படை போயிருக்கவே கூடாது என்று நினைக்கிறவன் நான். போனது திரும்பித்தான் ஆகவேண்டும். இன்னும் இருந்திருந்தால் இன்னும் சில வல்வெட்டித்துறைகள். ஆனால் கிளம்புவதைக் கிளம்புவதாகக் காட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டு, அந்தக் கூச்சத்தை மறைக்க ஊர்ப்பிள்ளைகளைப் பிடித்து உடுப்பு மாட்டி நிறுத்தியதை எந்தக் கணக்கில் எழுதுவது? அதை நம் நாட்டில் யாரும் எந்தத் தேர்தலிலும் பேசவில்லை. காங்கிரஸ் பேசாது, செய்ததே அவர்கள். வி.பி.சிங் தரப்பு பேசாது, பாதியில் கைவிட்டது அவர்கள் காலத்தில். தி.மு.க. பேசாது, அந்தப் பையன்கள் ‘துரோகக் கும்பல்’ பக்கம் இருந்தவர்கள். எந்தக் கூட்டத்திலும் கைதட்டல் வாங்காத விஷயம்.

உப்புத்தாளும் ரியூட்டரியும்

2021 ஆகஸ்டில் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். வந்தவர் திருச்சிப் பக்கம் அகதி முகாமில் இருக்கிறவர். முகாம் ஆண்களில் பல பேருக்கு இதுதான் தொழில். ஹாலில் பட்டி பார்த்து முடித்துவிட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். டிவியில் காபூல் விமான நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய அமெரிக்க விமானம், அதோடு கூடவே ஓடுகிற ஜனம், சக்கரத்துப் பக்கம் ஏறப் பார்க்கிறவர்கள். சித்தப்பா குடும்ப வாட்ஸப் குழுவில் அன்று காலையே ‘இவனுங்களுக்கு நாங்க எவ்வளவோ மேல், ஒழுங்கா கிளம்பி வந்தோம்’ என்று போட்டிருந்தார். நான் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே பெயின்டரிடம் சொன்னேன், எங்க சித்தப்பாவும் உங்க ஊர்லதான் இருந்தாரு, மட்டக்களப்புல என்று.

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. முகம் முழுக்க வெள்ளைத் தூசி. ‘எங்களுக்கும் கப்பல் வரும் எண்டுதான் சொன்னவங்க சார்’ என்றார்.

ஊர் திருக்கோயில், அம்பாறை மாவட்டம். 1989இல் பதினேழு வயசு. ரியூட்டரிக்கு, அதாவது டியூஷனுக்கு, சைக்கிளில் போகும் வழியில் பிடித்தார்களாம். கணக்குப் பாடம் அன்றைக்கு. சைக்கிள் என்ன ஆச்சு என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. ‘அது அங்கயே கிடந்தது, அம்மா போய் எடுத்தவ’ என்றார். கொண்டுபோன உடனே முதல் வேலையாகத் தலைமுடியை ஒட்ட வெட்டினார்கள். ஓடிப்போனால் அடையாளம் தெரியவேண்டும் என்பதற்காக. பயிற்சி கொடுத்தவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். ஒருவர் இவருக்கு இந்தியில் நாலைந்து வார்த்தை கற்றுக்கொடுத்தாராம், இப்போதும் சொல்லிக்காட்டினார்.

இந்தியப் படை முதலில் காலி செய்த மாவட்டம் அம்பாறை. அக்டோபர் கடைசி, நவம்பர் ஆரம்பம். ‘இந்தியன் ஆமி போற அண்டைக்கு எங்களுக்கு ஒண்டும் சொல்லல. காலம வாகனம் வரிசையா நிக்கிது. பெரிய ஆக்கள் முதலே போயிட்டாங்க. எங்கள நில்லுங்க, பிறகு உங்களையும் ஏத்துவம் எண்டாங்க.’ பிறகு வந்தது புலிகள். சண்டை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்றார். பக்கத்தில் இருந்த இலங்கைப் படை வேடிக்கை பார்த்தது. சிலர் கையைத் தூக்கினார்கள். அவர்களில் யார் வீட்டுக்குப் போனார்கள், யார் போகவில்லை என்பதை அவர் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை. இவர் கடற்கரைப் பக்கமாக ஓடியிருக்கிறார். ‘துவக்க எறியலாம். சட்டைய எறியலாம். முடிய என்ன சார் செய்யிறது?’ ஒரு வீட்டில் சாரம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அந்த வீட்டுப் பாட்டி கொடுத்த துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, ஆள் மாறி ஆள் மாறி ஒளிந்து கிடந்திருக்கிறார். முடி வளர்கிற வரைக்கும் வெளியே வரவில்லை. 1990 ஜூனில் புலிகளுக்கும் பிரேமதாசவுக்கும் தேன்நிலவு முறிந்து மறுபடி யுத்தம் தொடங்கியபோது, ஜனத்தோடு ஜனமாக மன்னார் வந்து, படகில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து இங்கே.

யார் மேல் கோபம் என்று கேட்டேன். பிடித்தவர்கள் மேலா, விட்டுப்போனவர்கள் மேலா, சுட வந்தவர்கள் மேலா? ‘கோவமெல்லாம் என்னத்துக்கு சார்’ என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, ‘லிஸ்ட் எழுதினானே ஒருத்தன், அவனத்தான் ஒருக்கா பாக்கோணும்’ என்றார். கப்பலில் யார் போகலாம் என்ற பட்டியல் ஒன்று இருந்ததாம். அல்லது இருந்ததாகப் பையன்களுக்குள் பேச்சு. தன் பெயர் அதில் இருந்ததா என்பதுதான் முப்பது வருடமாக அவருக்குத் தெரியவேண்டிய விஷயம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தாக்குதல் நிறுத்தம் அமலுக்கு வந்த மறுநாள், 1989 செப்டம்பர் 21ஆம் தேதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த டாக்டர் ராஜனி திராணகம, சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். இந்தியப் படையின் கொடுமைகளையும் புலிகளின் கொடுமைகளையும் மற்ற இயக்கங்களின் பிள்ளை பிடிப்பையும் ஒரே பேனாவால் எழுதியவர். கொன்றது புலிகள்தான் என்பது பரவலாகச் சொல்லப்படுவது, அவர்கள் ஒப்புக்கொண்டதில்லை. கொழும்பில் ‘சமாதானக் குழு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நான்கு நாள்கூட ஆகவில்லை. யார் கிளம்புகிறார்கள், அடுத்து யார் கை ஓங்கும் என்பது யாழ்ப்பாணத் தெருவுக்கு டெல்லிக்கு முன்பே தெரிந்துவிட்டது.

சைகான், தோஹா

பெயின்டர் போன பிறகு அமெரிக்காவின் கதையைக் கொஞ்சம் எடுத்துப் படித்தேன். புதிதாக ஒன்றுமில்லை என்பதுதான் அதிர்ச்சி. தெற்கு வியட்நாமின் ஜனாதிபதி தியூ, 1973 ஜனவரி பாரிஸ் ஒப்பந்தத்தை விழுங்கவே முடியாமல் விழுங்கினார். வட வியட்நாம் படைகள் தெற்கில் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்ற ஒப்பந்தம் அது. ‘இனி உள்ளூர் ராணுவம் பார்த்துக்கொள்ளும்’ என்று நிக்ஸன் சொன்னது இரண்டு வருடம் மூன்று மாதம் தாங்கியது. 2020 பிப்ரவரி 29ஆம் தேதி தோஹாவில் அமெரிக்கா தாலிபானோடு கையெழுத்திட்டது. காபூலில் அமெரிக்காவே தூக்கி நிறுத்திய அரசு அந்த மேஜையில் இல்லை. இல்லாத அந்த அரசு தன் சிறைகளிலிருந்து ஐந்தாயிரம் வரை தாலிபான் கைதிகளை விடவேண்டும் என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது! அஷ்ரஃப் கனி மறுநாளே முறைத்தார், அப்புறம் விட்டார். பைடன் வந்து முதலில் வைத்த தேதியைப் பாருங்கள்: 2021 செப்டம்பர் 11. இரட்டைக் கோபுரத் தாக்குதலின் இருபதாம் ஆண்டு. பிரேமதாசவின் ஜூலை 29 மாதிரியே, மேடைக்கு வைத்த தேதி. பிறகுதான் அதை ஆகஸ்ட் 31 என்று மாற்றினார்கள். ஆகஸ்ட் 15ஆம் தேதி காபூல் விழுந்துவிட்டது.

சோவியத் கதை மட்டும் கொஞ்சம் வேறு. அமைதிப்படைக்கு பிரேமதாச கெடு வைத்த அதே 1989இல், பிப்ரவரி 15ஆம் தேதி, ஜெனரல் குரோமொவ் பாலத்தைத் தாண்டி ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறினார். மாஸ்கோ ஆதரவில் காபூலை ஆண்ட ஜனாதிபதி நஜிபுல்லாவின் கதை சில மாதத்தில் முடிந்தது என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள். அவர் 1992 ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தார். காரணம் வீரமோ ராஜதந்திரமோ மட்டுமல்ல. பெட்ரோலும் பணமும் ஆயுதமும் மாஸ்கோவிலிருந்து வந்துகொண்டே இருந்தன. சோவியத் யூனியனே கலைந்து அது நின்ற பிறகு சில மாதத்தில் விழுந்தார். ஆள் போன பிறகும் சாமான் போய்க்கொண்டிருந்தால் கொஞ்ச காலம் நிற்கும். ஆனால் சாமான் அனுப்புவது எந்த நாட்டிலும் ஓட்டு வாங்கித்தராது. ஆள் திரும்பி வந்துவிட்டான் என்ற செய்தி முதல் பக்கத்தில் வந்துவிட்டால், அதற்கப்புறம் அந்த ஊருக்கு எவன் காசு கொடுப்பான்?

கடைசிக் கப்பலுக்கு முன்னும் பின்னும்

1990 மார்ச் 1ஆம் தேதி வரதராஜப் பெருமாள் மாகாண சபையில் தனி நாட்டுப் பிரகடனம் மாதிரி ஒன்றைச் செய்தார். கையில் ஊரே இல்லாத நிலையில் செய்த காரியம். கொஞ்ச நாளில் இந்தியா வந்து வடநாட்டில் பாதுகாப்பில் வைக்கப்பட்டார். அவருடைய இயக்கத்துக்காரர்களில் ஒரு பெரும் தொகுதி, பெண்டு பிள்ளைகளோடு, கப்பலேற முடிந்தவர்கள். அதாவது அந்தப் பட்டியலில் இருந்தவர்கள். அவர்களைத் தமிழ்நாட்டில் இறக்கவில்லை. ஒடிசாவில் மல்கான்கிரிக்குக் கொண்டுபோனார்கள். மொழி தெரியாத, சொந்தபந்தம் இல்லாத மலைக்காட்டு மாவட்டம். ராமேஸ்வரத்துக்கும் மல்கான்கிரிக்கும் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பார்த்தால் தெரியும்.

இதைச் சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குக் கான்வாயில் வண்டி ஓட்டியது டிசம்பரில். அந்தப் பையன்களை ஞாபகம் இருக்கிறதா? ‘ஏன் இல்லாம? ரோட்டோரம் நின்னு கையைக் காட்டுவானுங்க. நிறுத்தக்கூடாதுன்னு ஆர்டர்’ என்றார். ஒருமுறை நிறுத்தியதற்காக இவருக்கு முன்னால் போன வண்டிக்காரர் வாங்கிக்கட்டிக்கொண்டாராம். பிறகு வழக்கம்போல் துறைமுகத்துக்குத் தாவினார், அன்றைக்கு ஒரு அமைச்சர்கூட வரவில்லை என்று. சித்தப்பா, அதை விடுங்க, அந்தப் பையன்களை ஏத்தக் கூடாதுன்னு சொன்னது யார் என்று கேட்டேன். ‘மேலே இருந்து’ என்றார். லாரி டிரைவரிடம் அதற்கு மேல் என்ன பதிலை எதிர்பார்க்க முடியும்?

அப்பாவிடம் மல்கான்கிரியைச் சொன்னபோது அவரிடம் பதில் தயாராக இருந்தது. அவர்கள் ஆயுதம் தூக்கியவர்கள், இங்கே விட்டிருந்தால் சட்டம் ஒழுங்கு என்ன ஆகியிருக்கும், அதான் அந்த ஜூன்லயே கோடம்பாக்கத்துல பார்த்தோமே என்றார். 1990 ஜூன் 19ஆம் தேதி கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவையும் கூட இருந்தவர்களையும் புலிகள் கொன்றதைச் சொல்கிறார். அதைக் காரணமாக்கித்தான் ஏழு மாதம் கழித்து தி.மு.க. ஆட்சியையே டெல்லி கலைத்தது என்பதும் அவர் நெஞ்சில் ஆறாத புண். அப்பா, கோடம்பாக்கத்துல செத்தது அவங்கதானே, சுட்டது அவங்க இல்லையே என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ எப்பலேர்ந்து வரதராஜப் பெருமாள் கட்சி என்றார். நான் எந்தப் பெருமாள் கட்சியும் இல்லை. திருக்கோயிலில் கணக்குப் பாடத்துக்குப் போன பையனை ராமேஸ்வரத்தில் அகதி என்று எழுதிச் சேர்த்துக்கொள்ள முடிந்த அரசுக்கு, அவனோடு அதே உடுப்பு மாட்டியிருந்தவனின் குடும்பம் அதிகாரபூர்வமாகக் கப்பலில் வந்தால் மட்டும் எப்படி இடமில்லாமல் போகும் என்று கேட்டேன். அதற்கு அப்பாவிடம் இன்னும் பதில் இல்லை. அந்தப் பட்டியலை எழுதியது யார் என்பது சித்தப்பாவுக்கும் தெரியாது.